நெசவாளர்களிடம் பாடம் கேட்ட பேராசிரியர்

சென்ற ஆண்டு ஒரு தொழிற்சங்கத்தினர் என்னை அணுகினார்கள். சங்க உறுப்பினர்களும் அவர்களுடைய குடும்பத்தினரும் கட்டணமின்றி இணையவழியில் படிப்பதற்குச் சில பாடங்களைத் தொடங்கப்போவதாகவும், அவற்றுள் பொருளியலை நான் நடத்தித் தர வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் கல்லூரியில் அதே பாடத்தை நடத்தியவன் என்பதால் தயக்கமின்றி ஒப்புக்கொண்டேன். கூலி, விலைவாசி, பணவீக்கம், வங்கி, வரி, வரவு செலவுத் திட்டம் எனப் பன்னிரண்டு பாடங்கள். வீட்டின் முன்னறையில் கேமரா முன் அமர்ந்து, எதிரே ஒருவரும் இல்லாமல், ஒவ்வொன்றையும் நாற்பது நிமிடம் பேசிப் பதிவு செய்தேன்.

பெயர் கொடுத்தவர்களின் எண்ணிக்கையைக் கண்டு சங்கத்தினருக்கும் எனக்கும் மகிழ்ச்சி. ஆனால், மூன்றாம் பாடத்திற்குப் பிறகு பார்ப்பவர்கள் வேகமாகக் குறைந்தார்கள். கடைசிப் பாடம்வரை வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். காரணம் அறிய விரும்பிச் சங்க அலுவலகத்தில் சிலரைச் சந்தித்தேன். ஆலைத் தொழிலாளி ஒருவரின் மனைவி, தாமும் வேலைக்குச் செல்பவர், பணவீக்கம் பற்றிய பாடத்தை இரண்டு முறை கேட்டதாகச் சொன்னார். கணவரின் பஞ்சப்படி ஏறும்போதெல்லாம் வீட்டு வாடகை அதைவிட அதிகமாக ஏறிவிடுகிறதே, அந்தக் குறியீட்டெண்ணில் வாடகையை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று கேட்க நினைத்தாராம். யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. அத்துடன் படிப்பை நிறுத்திவிட்டார்.

அன்றிரவு எனக்கு ஆர்.எச். டானியின் நினைவு வந்தது. சமயத்திற்கும் முதலாளியத்தின் வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் என்றே ஆண்டுதோறும் அவரை என் மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தி வந்தேன். அவருடைய வாழ்வின் பெரும்பகுதி வேறொரு வேலையில் கழிந்தது என்பதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுவேன். தொழிலாளர்களுக்குப் பாடம் சொல்லும் வேலை அது. என்னுடைய பன்னிரண்டு பாடங்கள் ஏன் தோற்றன என்பதற்கு விடை, நான் கடந்து சென்ற அந்த ஒரு வரியில்தான் இருந்தது.

கல்கத்தாவில் பிறந்தவர்

ரிச்சர்ட் ஹென்றி டானி 1880 நவம்பர் 30 அன்று கல்கத்தாவில் பிறந்தார். தந்தை சார்லஸ் ஹென்றி டானி, அந்நகரின் மாநிலக் கல்லூரி முதல்வர், வடமொழியில் துறைபோகியவர். ‘கதாசரித் சாகரம்’ என்னும் பெருங்கதைத் தொகுப்பை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் அவரே. குடும்பம் இங்கிலாந்து திரும்பியதும் மகன் ரக்பி பள்ளியில் சேர்க்கப்பட்டார். பின்னாளில் கேன்டர்பரி பேராயராக உயர்ந்த வில்லியம் டெம்பிள் அங்கு அவருக்குத் தோழரானார். இருவரும் ஆக்ஸ்போர்டின் பேலியல் கல்லூரியிலும் பயின்றனர். 1903-இல் வெளிவந்த தேர்வு முடிவில் டானிக்கு இரண்டாம் வகுப்பே கிடைத்தது. இந்த அவமானத்தை எப்படித் துடைக்கப்போகிறாய் என்று தந்தை கேட்டதாக ஒரு செய்தி உண்டு.

பட்டம் பெற்றவர் நேராகச் சென்ற இடம், கிழக்கு லண்டனின் வறுமை மிகுந்த வைட்சேப்பல் பகுதியில் இருந்த டாயின்பீ இல்லம். பல்கலைக்கழகத்து இளைஞர்கள் ஏழைகளின் நடுவே தங்கித் தொண்டு செய்வதற்காக ஏற்பட்டது அது. குடிசைப் பகுதிக் குழந்தைகளைச் சில நாள் நாட்டுப்புறத்திற்கு அனுப்பி வைக்கும் நிதியின் செயலாளராக டானி பணியாற்றினார். உடன் தங்கியிருந்தவர் வில்லியம் பெவரிட்ஜ். அவரும் வங்காளத்தில் பிறந்தவர். பிரிட்டனின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்திற்கு 1942-இல் வரைவு தந்தவர். பெவரிட்ஜின் தங்கை ஜெனட்டை 1909-இல் டானி மணந்தார்.

டாயின்பீ இல்லத்தில் மூன்று ஆண்டுகள் கழிந்தபோது டானிக்கு ஓர் ஐயம் வலுத்தது. உள்ளவர் இரங்கிக் கொடுப்பதும் இல்லாதவர் வாங்கிக்கொள்வதுமான உறவில் இருவருமே வளர்வதில்லை என்று அவருக்குத் தோன்றியது. ஏழைகளுக்கு என்ன செய்யலாம் என்ற கேள்வியை விட்டு, அவர்களோடு சேர்ந்து என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு அவர் நகர்ந்தார்.

அந்த நேரத்தில் அவருக்கு வாய்த்தவர் ஆல்பர்ட் மான்ஸ்பிரிட்ஜ். தச்சுத் தொழிலாளியின் மகன். பதினான்கு வயதில் பள்ளியை விட்டவர். கூட்டுறவு மொத்த விற்பனைச் சங்கத்தில் எழுத்தராக இருந்தவர். அவரும் அவர் மனைவி பிரான்சஸும் 1903-இல் ஓர் அமைப்பைத் தொடங்கினர். அதற்கு முதல் நிதி, பிரான்சஸ் வீட்டுச் செலவுப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்த இரண்டரை ஷில்லிங். அதுவே தொழிலாளர் கல்விச் சங்கம் ஆயிற்று. 1905-இல் அதன் செயற்குழுவில் சேர்ந்த டானி, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதில் இருந்தார்.

நூறு பேர் கேட்டதும் முப்பது பேர் படித்ததும்

தொழிலாளர்களுக்குப் பல்கலைக்கழகக் கல்வி என்ற எண்ணம் அப்போது புதிதன்று. 1870-களிலேயே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பேராசிரியர்களைத் தொழில் நகரங்களுக்கு அனுப்பி விரிவுரை நிகழ்த்தத் தொடங்கிவிட்டது, ஆக்ஸ்போர்டும் பின்தொடர்ந்தது. பெரிய மண்டபத்தில் நூற்றுக்கணக்கானோர் கூடுவர். பேச்சாளர் வருவார், சிறப்பாகப் பேசுவார், அடுத்த ரயிலில் புறப்பட்டுவிடுவார். கூட்டத்தை வைத்தே செலவை ஈடுகட்ட வேண்டியிருந்ததால் கவர்ச்சியான தலைப்புகளும் சொல்வன்மை மிக்க பேச்சாளர்களும் தேடப்பட்டனர். நாளடைவில் முன்வரிசைகளை நடுத்தர வகுப்பினர் நிரப்பினார்கள். மான்ஸ்பிரிட்ஜ் இளமையில் அந்த விரிவுரைகளால் பயன்பெற்றவர். ஆயினும், கைத்தொழிலாளி அங்கே இல்லை என்பதைக் கண்டவர்.

என் பன்னிரண்டு பதிவுகளும் அந்த மண்டப விரிவுரைகளின் மறுபிறவியே என்று இப்போது எனக்குப் படுகிறது. பேச்சாளர் ரயிலேறிப் போகும் முன்னராவது கேட்டவர்கள் அவருடைய முகத்தைப் பார்த்தார்கள்.

1907 ஆகஸ்டில் ஆக்ஸ்போர்டில் ஒரு மாநாடு கூடியது. போர்ட்ஸ்மத் கப்பல் கட்டும் தளத்தின் தொழிலாளியான மாக்டாவிஷ் எழுந்து, தம் வகுப்பினருக்காகப் பல்கலைக்கழகத்திடம் கெஞ்சிக் கேட்க வரவில்லை, உரிமையாகவே கேட்க வந்திருப்பதாகக் கூறினார். அதன் விளைவாக ஒரு குழு அமைந்தது. பல்கலைக்கழகத்தின் சார்பில் எழுவர். தொழிலாளர் கல்விச் சங்கத்தின் சார்பில் எழுவர். படிப்பவர்களுக்குச் சரிபாதி இடம் தந்த அந்த ஏற்பாடு அக்காலத்தில் எண்ணிப் பார்க்க இயலாதது.

குழுவின் அறிக்கை அச்சேறும் முன்பே வேலை தொடங்கிவிட்டது. டானி அப்போது கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பொருளியல் துணை விரிவுரையாளர். 1908 ஜனவரியிலிருந்து, வெள்ளிக்கிழமை தோறும் ரயிலேறித் தெற்கே, மட்பாண்டத் தொழிலுக்குப் பேர்பெற்ற லாங்டன் நகருக்கு வருவார். அன்று மாலை அங்கே வகுப்பு. மறுநாள் சனிக்கிழமை பிற்பகல், பஞ்சாலைகள் நிறைந்த ரோச்டேல் நகரில் வகுப்பு. 1844-இல் சில நெசவாளர்களும் கைவினைஞர்களும் சேர்ந்து ஒரு கடையைத் திறந்து, நவீனக் கூட்டுறவு இயக்கத்திற்கு வித்திட்ட ஊர் அது. ஆலை அரைநாளோடு நிற்கும் சனிக்கிழமைப் பிற்பகல்தான் அவர்களுக்குக் கிடைத்த ஓய்வு. அதைத்தான் அவர்கள் படிப்புக்குக் கொடுத்தார்கள்.

இவற்றுக்கு ‘டுடோரியல் வகுப்பு’ என்று பெயர். நம் ஊரில் அச்சொல் தேர்வில் தவறியவர்கள் சேரும் இடத்தைக் குறிக்கும். அங்கே அது ஆக்ஸ்போர்டு கல்லூரிகளில் ஆசிரியரும் மாணவரும் எதிரெதிரே அமர்ந்து பயிலும் முறையைக் குறித்தது. விதிகள் எளியவை, கடுமையானவை. ஒரு வகுப்பில் முப்பது பேருக்கு மேல் கூடாது. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வர உறுதி தர வேண்டும். ஆண்டுக்கு இருபத்து நான்கு வகுப்புகள். ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். முதல் மணி நேரம் ஆசிரியர் பேசுவார். இரண்டாம் மணி நேரம் மாணவர்களுடையது. இரண்டு வாரத்திற்கு ஒரு கட்டுரை எழுத வேண்டும். எந்தப் பாடம், எந்த ஆசிரியர் என்பதில் மாணவர்களின் விருப்பம் கேட்கப்படும். செலவின் பெரும்பகுதியைப் பல்கலைக்கழகமும் கல்வித் துறையும் ஏற்றன. படிப்பவர் கொடுத்தது பெயரளவுக் கட்டணம். முடிவில் பட்டம் இல்லை. சான்றிதழைக் காட்டிப் பெறும் பதவி உயர்வும் இல்லை.

இத்தகைய வகுப்புக்கு யார் வருவார்கள்? மட்பாண்டத் தொழிலாளர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் நெசவாளர்களும் பொறி வினைஞர்களும் வந்தார்கள். எழுத்தர்களும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் வந்தார்கள். பாடம் இங்கிலாந்தின் பொருளாதார வரலாறு. பத்து மணி நேரம் சூளையிலும் தறியிலும் நின்ற கைகள் பேனாவைப் பிடித்தன. மிகைநேர வேலை, வேலை இழப்பு, ஊர் மாற்றம் ஆகியவை அவர்களுடைய வருகையைக் குலைத்தன. வகுப்பு முடிந்த பின்னும் விவாதம் முடியாமல் ஒருவர் வீட்டில் தேநீரோடு தொடர்வதுண்டு. டானியின் உடையில் புகையிலைச் சாம்பல் எப்போதும் ஒட்டியிருக்கும். பேச்சில் மேட்டிமை சிறிதும் ஒட்டியிருக்காது என்று அவரை அறிந்தோர் நினைவுகூர்ந்துள்ளனர்.

கற்பித்தவர் கற்றது

டானியின் முதல் பெரிய ஆய்வு நூல் 1912-இல் வெளிவந்தது. பதினாறாம் நூற்றாண்டில் பொது நிலங்கள் வேலியிடப்பட்டு, சிறு குடியானவர்கள் நிலத்தை இழந்த வரலாறு அது. இன்றளவும் அத்துறையில் தவிர்க்க இயலாத நூல். அதன் முன்னுரையில், பேராசிரியர்களுக்கு நன்றி சொன்னதோடு நிற்காமல், தம் வகுப்புகளின் நெசவாளர்களும் மட்பாண்டத் தொழிலாளர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் நட்போடு தம்மைத் தாக்கித் திருத்தியதால், நூல்களில் எளிதில் கிடைக்காத பலவற்றைப் பொருளியலில் கற்றுக்கொண்டதாக எழுதினார். இது பணிவுரையாக எழுதப்பட்டதன்று என்பதே என் கருத்து. நிலத்தை இழந்து ஆலைக்கு வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் எதிரே அமர்ந்து கேள்வி கேட்கும்போது, வேலியிடுதலைப் பற்றி ஒருவர் வெறும் உற்பத்திக் கணக்காகப் பேச முடியாது.

அடுத்த கட்டத்தில் இந்தியத் தொடர்பு ஒன்று மீண்டும் வருகிறது. ஜாம்ஷெட்ஜி டாடாவின் இளைய மகன் சர் ரத்தன் டாடா, தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் நடத்திய போராட்டத்திற்கு நிதி உதவியவர். அவர் வறுமையின் காரணங்களை ஆராய்வதற்காக லண்டன் பல்கலைக்கழகத்திற்கு ஆண்டுதோறும் 1,400 பவுண்டு வழங்க முன்வந்தார். லண்டன் பொருளியல் பள்ளியில் அமைந்த அந்த ரத்தன் டாடா அறக்கட்டளையின் முதல் இயக்குநர் டானி. சங்கிலி செய்யும் தொழிலிலும் தையல் தொழிலிலும் 1909-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்சக் கூலி என்ன விளைவை ஏற்படுத்தியது என்று அவர் ஆராய்ந்தார். கூலியை உயர்த்தினால் தொழில் அழியும், வேலை பறிபோகும் என்று அஞ்சியவை பெரிதும் நிகழவில்லை எனக் கண்டார். வறுமை என்பது தனிமனிதரின் குணக்கேட்டால் வருவதன்று, தொழில் அமைப்பிலிருந்து வருவது என்ற முடிவுக்கு அவர் வந்தார். குறைந்தபட்சக் கூலி பற்றி நாம் இன்று நடத்தும் விவாதத்தின் இரு தரப்பு வாதங்களும் 1914, 1915-ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அவ்விரு சிறு நூல்களில் இருக்கின்றன. அதற்கான பணம் இந்தியாவிலிருந்து சென்றது.

ஒரு நியாயமான குற்றச்சாட்டு

டானியின் வகுப்புகளைத் தொழிலாளர் அனைவரும் வரவேற்றார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். ஆக்ஸ்போர்டில் தொழிலாளர்களுக்காகவே இருந்த ரஸ்கின் கல்லூரியில் 1909-இல் மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். பல்கலைக்கழகமும் அரசும் கொடுக்கும் பணத்தில் நடக்கும் கல்வி, ஆளும் வகுப்பின் கருத்துகளையே தொழிலாளர் தலைக்குள் ஏற்றும் என்பது அவர்களுடைய வாதம். அவர்கள் பிரிந்து சென்று, தொழிற்சங்கங்களின் பணத்திலேயே நடக்கும் மத்தியத் தொழிலாளர் கல்லூரியை ஏற்படுத்தினார்கள். தொழிலாளர் கல்விச் சங்கத்தை அவர்கள் பல ஆண்டுகள் கடுமையாகத் தாக்கினார்கள்.

இந்தக் குற்றச்சாட்டை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். இலவசம் என்று எது வந்தாலும் யார் பணம், எதற்காக என்று கேட்பது பொருளியல் மாணவனின் முதல் கடமை. டானியின் நிலைப்பாடு வேறு. ஒரு கட்சியின் முடிவுகளை மனப்பாடம் செய்விப்பதும் கல்வியாகாது; வேலை கொடுப்பவரின் முடிவுகளை மனப்பாடம் செய்விப்பதும் கல்வியாகாது. பாடத்தைத் தேர்ந்தெடுக்கவும் ஆசிரியரை மறுத்துப் பேசவும் மாணவருக்கு உரிமை இருந்தால், பணம் எங்கிருந்து வந்தாலும் அவருடைய சிந்தனையை விலைக்கு வாங்க முடியாது என்று அவர் நம்பினார். அந்த இரண்டாம் மணி நேரம்தான் அவருடைய பாதுகாப்பு அரண். அது இல்லாத இடத்தில் ரஸ்கின் மாணவர்களின் அச்சமே சரியாகிவிடும்.

அவருடைய நம்பிக்கைக்கு லாங்டன் வகுப்பே சான்றாயிற்று. அங்குப் படித்தவர்கள் சுற்றியிருந்த சுரங்கக் கிராமங்களுக்குத் தாங்களே சென்று, ஊதியமின்றி வகுப்பெடுக்கத் தொடங்கினார்கள். 1911-இல் அது வடக்கு ஸ்டாஃபோர்ட்ஷயர் சுரங்கத் தொழிலாளர் உயர்கல்வி இயக்கமாக உருவெடுத்தது. அவ்வட்டாரத்தில் வேரூன்றிய அந்தக் கல்வி வேட்கையின் நீண்டகால விளைவாக, அங்கேயே ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி 1949-இல் நிறுவப்பட்டது. இன்றைய கீல் பல்கலைக்கழகம் அதுவே. முப்பது பேர் அமர்ந்த ஓர் அறையிலிருந்து ஒரு பல்கலைக்கழகம்வரை நாற்பது ஆண்டுப் பயணம்.

போர்க்களமும் பள்ளிக்கூடமும்

முதல் உலகப் போர் வந்தபோது டானிக்கு முப்பத்து மூன்று வயது. அவருடைய கல்விக்கும் குடிப்பிறப்புக்கும் அதிகாரி பதவி எளிதாகக் கிடைத்திருக்கும். அதை மறுத்து, மான்செஸ்டர் படைப்பிரிவில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார்; பின்னர் சார்ஜென்ட் ஆனார். 1916 ஜூலை 1, சோம் போரின் முதல் நாள். பிரிட்டிஷ் ராணுவத்தின் வரலாற்றிலேயே மிகக் கொடிய நாள் அது. அன்று மார்பிலும் வயிற்றிலும் குண்டு பாய்ந்து, இரு படைகளுக்கும் இடையிலான வெளியில் ஒரு நாளுக்கும் மேலாகக் கிடந்தார். உயிர் பிழைத்தாலும் அந்த வலி வாழ்நாள் முழுதும் உடன் இருந்தது.

போருக்குப் பின் 1919-இல் நிலக்கரித் தொழிலை விசாரித்த சாங்கி ஆணையத்தில் சுரங்கத் தொழிலாளர் தரப்பின் உறுப்பினராக அமர்ந்து, சுரங்க முதலாளிகளைக் கேள்விகளால் துளைத்தார். 1920-களின் தொடக்கத்தில், பேராசை கொண்ட சமூகத்தைக் கண்டிக்கும் நூலும், 1926-இல் சமயமும் முதலாளியமும் பற்றிய புகழ்பெற்ற நூலும், 1931-இல் சமத்துவம் பற்றிய நூலும் வெளிவந்தன. இவற்றைப் பற்றி வேறொரு நாள் பேசலாம். தொழிலாளர் குடும்பங்களுக்காக அவர் செய்த பணியே இங்கு நமக்கு வேண்டியது.

பெரியவர்களுக்கு மாலை வகுப்பு நடத்துவது, சிறுவயதில் இழைக்கப்பட்ட அநீதிக்குக் காலங்கடந்து செய்யும் பரிகாரம் என்பதை டானி அறிந்திருந்தார். லாங்கஷயர் பஞ்சாலைகளில் பன்னிரண்டு வயதுக் குழந்தைகள் அரைநாள் ஆலையிலும் அரைநாள் பள்ளியிலும் இருந்தனர். ஆலையில் நின்று களைத்த பிள்ளை வகுப்பில் தூங்கியது. இதை ஒழிக்க வேண்டும் என்றபோது ஆலை முதலாளிகள் மட்டும் எதிர்க்கவில்லை. பஞ்சாலைத் தொழிலாளர்களிலேயே பெரும்பாலோர் எதிர்த்தனர். பிள்ளையின் அரைநாள் கூலி இல்லாமல் வீட்டு அடுப்பு எரியாது என்பது அவர்களுடைய நிலை. தம் மாணவர்களின் வகுப்பையே எதிர்த்து டானி எழுத வேண்டியிருந்தது, எழுதினார். 1918-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அந்த அரைநாள் முறைக்கு முடிவு கட்டியது. பதினான்கு வயதுக்கு மேற்பட்ட இளந்தொழிலாளர்களுக்கு வாரத்தில் சில மணி நேரம் கட்டாய வகுப்பு என்ற அச்சட்டத்தின் ஏற்பாடு மட்டும், தொழிலதிபர்களின் எதிர்ப்புக்கும் பின்வந்த சிக்கன நடவடிக்கைக்கும் பலியாயிற்று.

1922-இல், அனைவருக்கும் இடைநிலைக் கல்வி என்ற தலைப்பில் தொழிற்கட்சியின் கொள்கை அறிக்கையை டானி ஆக்கித் தந்தார். 1926-இல் வெளியான ஹேடோ குழு அறிக்கையிலும் அவருடைய உழைப்பு உண்டு. 1944-ஆம் ஆண்டுச் சட்டம் இடைநிலைக் கல்வியைக் கட்டணமின்றி அனைவருக்கும் வழங்கியபோது, அவருடைய இருபதாண்டுக் கோரிக்கை நிறைவேறியது. அதற்குள் அவர் லண்டன் பொருளியல் பள்ளியில் பேராசிரியராகவும், 1928 முதல் தொழிலாளர் கல்விச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். பிரபு பட்டம் தர முன்வந்தபோது மறுத்துவிட்டார். நூல்களும் தாள்களும் குவிந்து கிடந்த அறையில், பழைய சார்ஜென்ட் சட்டையைப் போட்டுக்கொண்டு எழுதும் பேராசிரியரை மாணவர்கள் கண்டிருக்கிறார்கள். 1962 ஜனவரி 16 அன்று லண்டனில் மறைந்தார்.

அவருடைய பணியிலும் குறை உண்டு. மூன்று ஆண்டுகள் தாக்குப்பிடித்தவர்கள் பெரும்பாலும் ஓரளவு நிலையான வேலை உடையவர்கள். அன்றாடக் கூலிக்கு அலைந்தவர்கள் அந்த வகுப்புகளை எட்டவில்லை. வீட்டு வேலை முழுவதையும் சுமந்த பெண்களுக்குச் சனிக்கிழமைப் பிற்பகலும் ஓய்வு நேரமாக இருக்கவில்லை. குடும்பத்திற்கும் கல்வி என்ற எண்ணம் அங்கே முழுமை பெறவில்லை. இவ்விடத்தில் இணையவழி டானியைவிட ஒரு படி மேலே செல்ல முடியும். இரவு பத்து மணிக்குப் பாத்திரம் கழுவி வைத்த பிறகும் ஒரு பெண் பாடத்தைத் திறக்கலாம்.

ஆனால், திறப்பது மட்டும் போதாது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு சமுதாயக் கல்லூரி, தொழிற்சங்க உறுப்பினர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தினருக்கும் இணையவழிப் பட்டப் படிப்பைக் கட்டணமின்றி வழங்கியது. நாடெங்கிலும் இருந்து பல்லாயிரம் பேர் சேர்ந்தனர். அரசின் ஏழை மாணவர் உதவித்தொகையைக் கொண்டு அந்த இலவசத்தை நடத்திய முறையைக் கூட்டாட்சிக் கல்வித் துறை எதிர்த்தது. நிதி நெருக்கடியில் சிக்கி, அக்கல்லூரி 2024-இல் மூடப்பட்டது. படித்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள் வேறு கல்லூரி தேட வேண்டியதாயிற்று. இலவசத்துக்குப் பின்னால் இருக்கும் கணக்கைப் படிப்பவர்கள் அறிந்திருக்கவில்லை. அதை நடத்திய குழுவில் எழுவருக்கு எழுவர் என்று அவர்கள் அமர்ந்திருக்கவும் இல்லை.

நம் நாட்டில் 2017 முதல் ‘ஸ்வயம்’ தளம் நல்ல பாடங்களைக் கட்டணமின்றித் தருகிறது. தேர்வு எழுதிச் சான்றிதழ் பெறுவதற்கே கட்டணம். தொழிலாளர் கல்விக்கென மத்திய வாரியம் 1958 முதல் இயங்குகிறது. பாடங்களுக்குப் பஞ்சமில்லை. தொழிற்சங்கங்களால் மட்டுமே தரக்கூடிய ஒன்று இருக்கிறது; அது ஓர் அறையும், வாரத்தில் இரண்டு மணி நேரமும், கூடப் படிக்கும் முப்பது பேரும். சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-இல் பிறந்தது எப்படி என்பதை நாம் மறந்துவிட்டோம். பெரம்பூரில் செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் நடத்திய சபையில் சமயச் சொற்பொழிவு கேட்கக் கூடிய ஆலைத் தொழிலாளர்கள், தங்கள் குறைகளையும் அங்கே பேசத் தொடங்கினார்கள். கேட்கக் கூடியவர்கள் பேசத் தொடங்கியபோது சங்கம் பிறந்தது.

எனவே, சங்கங்கள் இணையப் பாடங்களைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பாடங்களை முதல் மணி நேரமாகக் கொண்டு, இரண்டாம் மணி நேரத்தைச் சங்கக் கட்டடத்தில் நடத்த வேண்டும். எதைப் படிப்பது என்பதை உறுப்பினர்களும் குடும்பத்தினரும் கூடித் தீர்மானிக்க வேண்டும். எழுதியதைத் திருத்தித் தர ஒருவர் வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நம் ஊர்களில் ஏராளம். பெண்கள் வரும் நேரத்தை அவர்களே குறிக்க வேண்டும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஏற்பாடு வேண்டும். ஊதிய ஒப்பந்தப் பேச்சில் போனஸோடு சேர்த்து, படிப்புக்கான ஊதியத்துடன் கூடிய விடுப்பையும் கேட்கலாம். இவை எல்லாவற்றுக்கும் ஆகும் செலவு பெரிதன்று.

இந்த ஆண்டு நான் மீண்டும் தொடங்கியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலை, சங்க அலுவலக மாடியில், பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருபத்திரண்டு பேர். வாடகைக் கேள்வியோடு நின்றுபோன அந்த அம்மாவும் வந்திருந்தார். நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணுக்காக வீட்டு வாடகை ஆறு மாதத்திற்கு ஒரு முறை சேகரிக்கப்படுகிறது என்று விளக்கினேன். அவர் விடவில்லை. அந்தக் கணக்கெடுப்புக்கு எந்தத் தெரு வீடுகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள், தம் தெரு அதில் உண்டா என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர் தம் வீட்டுக்காரர் ரசீதில் எழுதும் தொகை வேறு, வாங்கும் தொகை வேறு என்றார். அப்படியானால் எந்தத் தொகை கணக்கில் ஏறும் என்று மூன்றாமவர் கேட்டார். முப்பத்தைந்து ஆண்டுகள் குறியீட்டெண்களை நடத்தியவனிடம் அதற்கு விடை இல்லை. அடுத்த வாரம் பார்த்துவிட்டு வந்து சொல்வதாகக் கூறி, என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).